எடைமேடை லைப்ரரி வேறு ஓஎஸ்ஸில் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறை சின்னது. மணலி, திருவொற்றியூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில் இருக்கும் எடைமேடைகளிலிருந்தும் காசிமேட்டு மீன் வியாபாரிகளின் எலக்ட்ரானிக் தராசுகளிலிருந்தும் எடையைப் படித்து, தமிழில் சீட்டு அடித்துத் தரும் ஒரு சி லைப்ரரியைப் பராமரிக்கிறோம். அது லினக்ஸில் பிறந்தது. அதற்கு அடியில் எழுத்துக் குறியீட்டை மாற்றும் ஐகான்வ், தட்டச்சு செய்யும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன், தகவலை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்று பல ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள் இருக்கின்றன. ஒரு யார்டு ஃப்ரீபிஎஸ்டி சர்வர் வைத்திருக்கும். இன்னொன்றில் எல்லாம் விண்டோஸ். மூன்றாவது இடத்தில் டாக்கருக்குள் ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ். எங்கே கொண்டுபோனாலும் அதே பத்துப் பன்னிரண்டு கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இதில் உரிமத்தைத் தனியாகப் பிரிக்காமல் அந்தந்த அறிகுறியோடு சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஓஎஸ் மாறினால் லிங்க் செய்யும் விதம், அதாவது லைப்ரரியைப் புரோகிராமோடு இணைக்கும் விதம், மாறும். லிங்க் விதம் மாறினால் உரிமம் நம்மிடம் கேட்பதும் மாறும். கோளாறைத் தீர்க்க வேறொரு திட்டத்திலிருந்து நாற்பது வரியை எடுத்து ஒட்டினால், அந்த ஃபைலின் தலையில் இருக்கும் உரிமமும் கூடவே வந்துவிடும். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

## அறிகுறி 1: ஃபைல் கண்முன்னே இருக்கிறது, "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்கிறது

ஆல்பைனில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஃபைல் இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் ஓடாது.

முதலில் பாருங்கள்: "ஃபைல்" கட்டளையை அந்த பைனரி மேல் ஓட்டுங்கள். வேறு சிப்புக்கு பில்ட் ஆனதா, ஸ்கிரிப்ட்டாக இருந்தால் முதல் வரியில் விண்டோஸ் வரிமுடிவு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அது இல்லை என்றால்: இல்லாத ஃபைல் உங்களுடையது அல்ல, அதை ஏற்றி ஓட்டும் லோடர். வழக்கமான லினக்ஸில் பில்ட் ஆன பைனரி, அங்குள்ள அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் லோடரைத் தேடுகிறது. ஆல்பைனில் அதற்குப் பதிலாக இருப்பது மசல். அதன் லோடருக்குப் பெயரே வேறு. "ரீட்எல்ஃப்" கட்டளையில் இன்டர்ப்ரெட்டர் வரியைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

தீர்வு, செலவு குறைந்ததிலிருந்து: சோர்ஸ் கையில் இருந்தால் ஆல்பைனுக்குள்ளேயே மறுபடி பில்ட் செய்யுங்கள். இதுதான் சரியான வழி. சோர்ஸ் இல்லை என்றால், ஜிலிப்சி மாதிரி நடிக்கும் ஜிகாம்பாட் பேக்கேஜைப் போட்டுப் பார்க்கலாம். சின்ன புரோகிராம்களுக்கு அது போதும், த்ரெட் நிறைய ஓட்டும் சர்வருக்கு நான் நம்பமாட்டேன்.

மூன்றாவதாக எல்லோருக்கும் தோன்றுவது, "எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரிகளையும் உள்ளேயே அடக்கிக் கட்டி ஒரே பைனரியாகக் கொடுத்துவிடலாம்" என்பது. இங்கேதான் நிற்க வேண்டும். மசல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, அதை ஸ்டாட்டிக்காகக் கட்டலாம், பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்த்தால் போதும். ஜிலிப்சியும் ஜிஎன்யூ ஐகான்வ் லைப்ரரியும் எல்ஜிபிஎல்: மூடிய புரோகிராமும் பயன்படுத்தலாம், ஆனால் பயனர் அந்த லைப்ரரியை மாற்றிக்கொள்ள வழி விட வேண்டும். டைனமிக்காக, அதாவது லைப்ரரி தனி ஃபைலாக இருந்தவரை, பயனர் அந்த லைப்ரரியை மாற்றிப் போட்டுக்கொள்ள முடிந்தது. ஸ்டாட்டிக் ஆனதும் அந்த வழி அடைபடுகிறது. எல்ஜிபிஎல் 2.1-இன் 6ஆம் பிரிவு, பயனர் மாற்றிய லைப்ரரியோடு மறுபடி லிங்க் செய்துகொள்ளும்படி உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல்களையாவது தரச் சொல்கிறது. உங்கள் மூடிய புரோகிராமுக்கு அது சம்மதமா என்று யோசித்துவிட்டு அப்புறம் ஸ்டாட்டிக் கொடியைப் போடுங்கள்.

இதன் தம்பி: "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்ற வரி. புதிய மெஷினில் பில்ட் செய்து பழைய சர்வரில் ஓட்டினால் வரும். 2021-இல் வந்த 2.34-இல் த்ரெட் லைப்ரரியையும், ஓடும்போதே லைப்ரரிகளை ஏற்றும் டிஎல் லைப்ரரியையும் முதன்மை லைப்ரரிக்குள்ளேயே இணைத்துவிட்டார்கள். அதனால் இந்த எண் அடிக்கடி கண்ணில் படும். வாடிக்கையாளரிடம் இருப்பதிலேயே பழைய பதிப்பில் பில்ட் செய்தால் புதியவற்றிலும் ஓடும். வேறு மெஷினிலிருந்து ஜிலிப்சி ஃபைலைக் காப்பி செய்து சிஸ்டம் ஃபோல்டரில் போடாதீர்கள். ஒரு யார்டில் அப்படிச் செய்ததில் "எல்எஸ்" கட்டளைகூட ஓடாமல் போய், இரவு முழுக்க லாரிகள் வரிசையில் நின்றன.

வல்லுநரைக் கூப்பிட வேண்டிய இடம்: மூடிய பைனரி, சோர்ஸ் இல்லை, ஜிகாம்பாட்டிலும் விழுகிறது. அந்த பைனரியைக் கொடுத்தவரிடம்தான் போக வேண்டும்.

## அறிகுறி 2: கம்பைல் பாதியில் நிற்கிறது, ஹெடர் இல்லை என்கிறது

"மேக் ஃபைலில் பிழை" என்று முதல் வரியிலேயே நின்றால்: ஃப்ரீபிஎஸ்டியின் மேக் (பில்ட் செய்யும் கட்டளை, ஆப்பிள் மேக் அல்ல) வேறு, ஜிஎன்யூ மேக் வேறு. "ஜிமேக்" என்று கூப்பிடுங்கள். பாதிப் பிரச்சினை இதோடு முடியும்.

நிறுவிய லைப்ரரியின் ஹெடரே கிடைக்கவில்லை என்றால்: ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜ்கள் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் போகும். அந்தப் பாதையைக் கம்பைலருக்குச் சொல்ல வேண்டும்.

ஈபோல் ஹெடர் இல்லை என்றால்: பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஈபோல் லினக்ஸுக்கு உரியது. பிஎஸ்டிக்காரர்களிடம் அதே வேலைக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே கேக்யூ இருக்கிறது, ஆப்பிள் மேக்கிலும் அதுதான். அவசரத்துக்கு ஈபோல்-ஷிம் என்ற லைப்ரரி ஈபோல் அழைப்புகளைக் கேக்யூவாக மாற்றித் தரும், எம்ஐடி உரிமம். நிரந்தரமாகச் செய்வதாக இருந்தால், இந்த வேறுபாட்டை மறைக்கும் லிப்யூவி அல்லது லிப்ஈவென்ட் லைப்ரரிக்கு மாறிவிடுங்கள். விண்டோஸும் பின்னாலேயே வரப்போகிறது, அப்போது மூன்றாவது தடவை எழுத வேண்டியிருக்காது.

மசலில் எக்ஸிக்இன்ஃபோ, எஃப்டிஎஸ், எரர் ஹெடர்கள் இல்லை என்றால்: மசலில் அவை கிடையாது, நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ஃபோல்டர்களைச் சுற்றிவரும் எஃப்டிஎஸ்ஸுக்கு ஆல்பைனில் தனிப் பேக்கேஜ் இருக்கிறது. எக்ஸிக்இன்ஃபோவின் பேக்ட்ரேஸ் அழைப்பு பிழை அச்சிட மட்டும் என்றால் இஃப்டெஃப் (கம்பைல் நேர நிபந்தனை) போட்டு விலக்கிவிடுங்கள்.

லினக்ஸ் மெஷினிலிருந்து அந்த ஹெடரையே காப்பி செய்து சோர்ஸில் வைப்பது ஒரு குறுக்குவழி. செய்யாதீர்கள். தொழில்நுட்பமாகவும் தவறு, ஏனென்றால் ஹெடர் வந்தாலும் பின்னால் செயல் இல்லை. உரிமத்திலும் இடிக்கும். ஜிஎன்யூவின் துணைக் கோட் தொகுப்பான ஜிஎன்லிப்பிலிருந்து எடுப்பதானால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் உரிமம் தனித்தனி. ஒன்று எல்ஜிபிஎல் ஆக இருக்கும், பக்கத்தில் இருப்பது மொத்தப் புரோகிராமின் சோர்ஸையும் தரச் சொல்லும் ஜிபிஎல் ஆக இருக்கும். எடுக்கும் ஃபைலைத் திறந்து தலைப்பைப் படியுங்கள், ரெப்போவின் பொது உரிமத்தை மட்டும் நம்பாதீர்கள்.

## அறிகுறி 3: கம்பைல் சரி, லிங்க் செய்யும்போது "இந்தப் பெயர் தெரியவில்லை"

டிஎல்ஓப்பன் தெரியவில்லை அல்லது டிஎல் லைப்ரரி இல்லை: ஃப்ரீபிஎஸ்டியில் அது முதன்மை சி லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. கையால் எழுதிய டிஎல் கொடியை எடுத்துவிட்டு, எந்த ஓஎஸ்ஸில் எது வேண்டும் என்பதை சிமேக் என்ற பில்ட் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

"லிப்ஐகான்வ்_ஓப்பன்" தெரியவில்லை: பெயருக்கு முன்னால் "லிப்" ஒட்டியிருக்கிறதா? அதுவே விடை. சிஸ்டத்துக்குள் ஒரு ஐகான்வ் இருக்கிறது, பேக்கேஜாக வந்த ஜிஎன்யூ ஐகான்வ் இன்னொன்று இருக்கிறது. ஒன்றின் ஹெடரையும் மற்றொன்றின் லைப்ரரியையும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஃப்ரீபிஎஸ்டி 10-க்குப் பிறகும் மேக்கிலும் சகஜம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு பாதைகளையும் அதற்கே காட்டுங்கள். முடிந்தால் சிஸ்டத்தினுடையதைத் தேர்ந்தெடுங்கள், உரிமச் சுமையும் குறையும்.

ரீட்லைனின் சில செயல்கள் மட்டும் மேக்கில் தெரியவில்லை: இதை ஊன்றிப் படியுங்கள். மேக்கில் ரீட்லைன் என்ற பெயரில் இருப்பது உண்மையில் லிப்எடிட். ரீட்லைன் மாதிரியே பேசும், ஆனால் எல்லாச் செயல்களும் அதில் இல்லை. லிப்எடிட் பிஎஸ்டி உரிமம். லினக்ஸில் அதே லிங்க் வரி நிஜ ரீட்லைனை இழுக்கும், 2009-இல் வந்த 6.0 முதல் அது ஜிபிஎல் 3. எல்ஜிபிஎல் அல்ல, முழு ஜிபிஎல். ஆக, ஒரே சோர்ஸ், ஒரே லிங்க் வரி, மேக்கில் மூடிய புரோகிராமாக விற்கலாம், லினக்ஸில் அதே புரோகிராமின் சோர்ஸை ஜிபிஎல்லில் தர வேண்டிவரும். எடையை விசைப்பலகையில் தட்டித் திருத்தும் ஒரு சின்னத் திரைக்காக நாங்கள் ரீட்லைனை இழுத்திருந்தோம். எல்லா ஓஎஸ்ஸிலும் லிப்எடிட்டுக்கு மாற்ற ஒரு நாள் ஆனது.

## அறிகுறி 4: பில்ட் ஆகிறது, ஓடும்போது விழுகிறது அல்லது தப்பாகக் கணக்கிடுகிறது

நேரம் அதிகம் தின்பது இதுதான். எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, கூடவே பெடான்டிக் கொடியையும் போட்டு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். அதன் பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்.

வரிசைப்படுத்தும் இடத்தில் விழுகிறதா? கியூசார்ட்_ஆர். ஜிலிப்சியில் ஒப்பிடும் ஃபங்ஷன் முதலில், கூடுதல் தகவல் கடைசியில். மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டி 13 வரையிலும் தகவல் முதலில், ஃபங்ஷன் கடைசியில். ஒப்பிடும் ஃபங்ஷனுக்குள் வரும் மூன்று உருப்படிகளின் வரிசையும் அப்படியே மாறும். ஃப்ரீபிஎஸ்டி 14-இல் ஜிலிப்சியின் வரிசைக்கு வந்துவிட்டார்கள். விண்டோஸில் பெயரும் வேறு. வாய்ட் பாயின்டர்கள் என்பதால் கம்பைலர் பல சமயம் வாயே திறக்காது. எங்கள் பையன் மூன்று நாள் மெமரி லீக் என்று தேடிக்கொண்டிருந்தான். "அண்ணே, பத்து லாரி வரைக்கும் நல்லாத்தான் இருக்கு, சார்ட் பட்டனை அழுத்தினா போயிடுது" என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓஎஸ்ஸுக்கு ஒரு இஃப்டெஃப் வைத்து உங்கள் சொந்த உறை ஒன்றை எழுதிவிடுங்கள், வேறு எங்கும் நேராகக் கூப்பிடாதீர்கள்.

பிழைச் செய்தி அச்சிடும்போது விழுகிறதா? ஸ்ட்ரெரர்_ஆர். ஜிஎன்யூ வடிவம் எழுத்துச் சரத்தைத் திருப்பித் தரும், மசலும் பிஎஸ்டியும் முழு எண்ணைத் தரும். எண்ணைச் சரமாக அச்சிடப் போனால் விழாமல் என்ன செய்யும்? 2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் இதை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. ஒருமுறையாவது அதில் கம்பைல் செய்து பாருங்கள்.

ஆல்பைனில் மட்டும், த்ரெட்டுக்குள் மட்டும் விழுகிறதா? ஸ்டாக் போதவில்லை. ஜிலிப்சியில் ஒரு த்ரெட்டுக்கு வழக்கமாக 8 மெகாபைட் கிடைக்கும், மசலில் 128 கிலோபைட்தான். பெரிய அரேயை ஃபங்ஷனுக்குள் அறிவித்திருந்தால் ஹீப்புக்கு மாற்றுங்கள், அல்லது த்ரெட் உருவாக்கும்போதே ஸ்டாக் அளவைச் சொல்லுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் லூப் நிற்காமல் சுற்றுகிறதா? ஒரு பைட் படிக்கும் ஃபங்ஷனின் விடையை "சார்" வகையில் வாங்கியிருப்பீர்கள். ஆர்ம் லினக்ஸில் சார் குறியற்றது, கோப்பு முடிவைக் காட்டும் கழித்தல் 1 அதில் நிற்காது. "இன்ட்" ஆக்குங்கள்.

விண்டோஸில் பழைய பதிவுகளின் எடை கண்டபடி வருகிறதா? 64 பிட் லினக்ஸில் "லாங்" 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஃபைலில் எழுதும் ஸ்ட்ரக்ட்டுக்குள் லாங் இருந்தால் எல்லாம் நகர்ந்துவிடும். அளவு சொல்லும் வகைகளுக்கு மாறுங்கள். ஃபைல் பாதியில் நின்றால், பைனரி முறையில் திறக்காமல் டெக்ஸ்ட் முறையில் திறந்திருக்கிறீர்கள்: 26 என்ற பைட்டை விண்டோஸ் ஃபைல் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டிஎல்எல் ஒதுக்கிய மெமரியை இன்னொன்று விடுவித்தாலும் விழலாம். லைப்ரரியே ஒரு விடுவிக்கும் ஃபங்ஷனைத் தர வேண்டும்.

மேக்கில் தொடங்கியதுமே "கில்ட் 9": ஆப்பிள் சிலிக்கானில் கையொப்பம் இல்லாத பைனரி ஓடாது. லைப்ரரியின் பாதையை மாற்றினால் கையொப்பம் கெட்டுப்போகும், மறுபடி கோட்சைன் செய்யுங்கள். செமஃபோர் வேலை செய்யவில்லை என்றால், பெயரற்ற செமஃபோர் மேக்கில் இல்லை. டிஸ்பாட்ச் செமஃபோருக்கு மாறுங்கள்.

வல்லுநர்: டிபக்கரில் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுந்தால் மெமரி எங்கோ கெட்டிருக்கிறது. அட்ரஸ் சானிட்டைசரை ஓட்டியும் பிடிபடவில்லை என்றால், அந்த ஓஎஸ்ஸில் பழகிய ஒருவரை ஒரு நாள் கூப்பிட்டுவிடுங்கள். நாமே ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

## அறிகுறி 5: தராசு பேசவில்லை

கோட்டைத் தொடும் முன் கேபிளைத் தொடுங்கள். காசிமேட்டிலும் எண்ணூர் சாலையிலும் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்துவிடும். "தம்பி, நேத்து வரைக்கும் எடை ஏறுச்சு" என்று யார்டில் சொன்னால் நான் முதலில் வேறு கேபிளைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

அனுமதி இல்லை என்கிறது: டெபியனில் டயல்அவுட் குழுவிலும் ஃப்ரீபிஎஸ்டியில் டயலர் குழுவிலும் பயனரைச் சேருங்கள். லாக்அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

போர்ட்டைத் திறக்கும் வரியிலேயே தொங்குகிறது: டிடிஒய் என்று தொடங்கும் பெயரைத் திறந்திருப்பீர்கள். பிஎஸ்டியிலும் மேக்கிலும் அது மறுமுனையின் கேரியர் சிக்னலுக்காகக் காத்திருக்கும். பல தராசுகளின் கேபிளில் அந்த ஒயரே இருக்காது. ஃப்ரீபிஎஸ்டியில் சியுஏ, மேக்கில் சியு என்று தொடங்கும் பெயரைத் திறங்கள்.

பிஎஸ்டியில் ஓடியது லினக்ஸில் செல்லாத மதிப்பு என்கிறது: பாட் வேகத்தை 9600 என்று நேராகக் கொடுத்திருப்பீர்கள். பிஎஸ்டியில் பெயரிட்ட மாறிலியின் மதிப்பும் 9600தான், அதனால் தப்பிக்கும். லினக்ஸில், 2025-இல் வந்த ஜிலிப்சி 2.42-க்கு முந்தைய பதிப்புகளில், அதன் மதிப்பு 13. எப்போதும் மாறிலியின் பெயரையே எழுதுங்கள்.

விண்டோஸில் காம் 9 வரை திறக்கிறது, காம் 10 திறக்கவில்லை: பத்திலிருந்து, பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்வு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்வு சேர்க்க வேண்டும். சி சரத்துக்குள் எழுதும்போது ஒவ்வொரு பின்சாய்வையும் இரட்டிக்க மறக்காதீர்கள்.

## அறிகுறி 6: சீட்டில் தமிழ் சிதைகிறது அல்லது பெயர் வரிசை மாறுகிறது

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. கேள்விக்குறியாக வந்தால் லொக்கேல் அமைக்கவில்லை, அல்லது விண்டோஸ் கன்சோல் 65001 கோட்பேஜில் இல்லை.

பழைய வாடிக்கையாளர் பட்டியலை மாற்றும்போது "இந்த மாற்றம் ஆதரிக்கப்படவில்லை": யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் தட்டச்சு செய்த ஃபைல்கள் இன்னும் பல கடைகளில் இருக்கின்றன. ஜிலிப்சியின் ஐகான்வுக்கு டிஸ்கி தெரியும், மசலுக்குத் தெரியாது. ஃபெடோரா மாதிரிச் சிலவற்றில் ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜையும் நிறுவ வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த எளிய வழி: மாற்றும் வேலையை லினக்ஸில் ஒரேமுறை செய்து முடித்து, யூடிஎஃப்-8 ஃபைலை மட்டும் மற்ற ஓஎஸ்களுக்கு அனுப்புவது. ஜிலிப்சியின் டிஸ்கி ஃபைலை வெட்டி உங்கள் லைப்ரரிக்குள் ஒட்டினால் அது எல்ஜிபிஎல் கோட் என்பதை மறக்காதீர்கள்.

"ன" வரிசையில் "ப"-வுக்கு முன்னால் வந்துவிடுகிறது, "வ" கடைசிக்குப் போகிறது: யூனிகோடு எண் வரிசையில் சார்ட் ஆகிறது. அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற. முதலில் புரோகிராம் தொடக்கத்தில் செட்லொக்கேல் அழைத்திருக்கிறீர்களா, அந்த மெஷினில் தமிழ் லொக்கேல் நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். மசலில் இரண்டையும் செய்தாலும் பலன் இல்லை, பெயர்களை ஒப்பிடும் அதன் ஸ்ட்ர்கால் பைட் வரிசையைத்தான் பார்க்கும். அப்போது, மொழிவாரி அகரவரிசை தெரிந்த ஐசியு லைப்ரரியைச் சேர்ப்பதுதான் வழி. அளவில் பெரியது, ஆனால் உரிமம் தாராளமானது. நூறு மீனவர்களின் பெயர்ப் பட்டியலில் தன் பெயரைத் தேடும் மனிதருக்குத் தமிழ் அகரவரிசைதான் தெரியும், அதைச் சரிசெய்யாமல் நாங்கள் எதையும் கொடுப்பதில்லை.

## அறிகுறி 7: கெர்னல் மாட்யூல் ஏறவில்லை, "ஜிபிஎல்லுக்கு மட்டும்" என்கிறது

உரிமமே பிழைச் செய்தியாக வரும் இடம் இது. லினக்ஸ் கெர்னல் தன் செயல்களில் சிலவற்றை ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறது. 2019-இல் வந்த 5.0 கெர்னலில் இப்படித்தான் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பயன்படுத்திவந்த மிதவை எண் தொடர்பான வழி அடைபட்டது. இசட்எஃப்எஸ் ஜிபிஎல் அல்லாத சிடிடிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதே கோட் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலில் எந்தத் தகராறும் இல்லாமல் இருக்கிறது.

மாட்யூலின் உரிம வரியை ஜிபிஎல் என்று பொய்யாக மாற்றினால் ஏறிவிடும். அதைச் செய்யவே கூடாது. அந்த வேலையைக் கெர்னலுக்கு வெளியே, லிப்யூஎஸ்பி மாதிரி ஒன்றின் மேல் செய்ய முடியுமா என்று பாருங்கள். தராசு, பிரின்டர் மாதிரியான கருவிகளுக்குப் பெரும்பாலும் முடியும். முடியாது என்றால் கெர்னல் வேலை தெரிந்தவரும் வழக்கறிஞரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது அது.

## அறிகுறி 8: எல்லாம் ஓடுகிறது, வாடிக்கையாளர் உரிமப் பட்டியல் கேட்கிறார்

எளியது: அறிவிப்புகள் விடுபட்டிருக்கும். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் கேட்பதே பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் கூடவே தரச் சொல்லித்தான். விண்டோஸ் இன்ஸ்டாலர் செய்யும்போது இவை காணாமல் போகும். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.

நடுத்தரம்: பதிப்பு மாறியதில் உரிமமும் மாறியிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 2021-இல் 3.0-உடன் அப்பாச்சி 2-க்கு வந்தது. பெர்க்லி டிபி என்ற தரவுத்தள லைப்ரரி 2013-இல் 6.0-உடன், ஜிபிஎல்லைவிடக் கண்டிப்பான ஏஜிபிஎல்லுக்குப் போனது. புதிய ஓஎஸ்ஸின் பேக்கேஜ் எந்தப் பதிப்பைத் தருகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

செலவு பிடிப்பது: ஜிபிஎல் 2-இல் மட்டும் உள்ள கோடும் அப்பாச்சி 2 கோடும் ஒரே பைனரியில் இருப்பது. இவை ஒத்துப்போகாது என்பதே ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் நிலை. ஜிபிஎல் 3 என்றால் ஒத்துப்போகும், அதனால் "அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு" என்ற சொற்கள் தலைப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஓஎஸ்ஸின் பகுதி, ஜிபிஎல்லின் சிஸ்டம் லைப்ரரி விலக்கு பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. விண்டோஸுக்குப் போகும்போது அந்த டிஎல்எல்லை நீங்களே புரோகிராமோடு சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கூடவே வரும் பகுதிக்கு அந்த விலக்கு இல்லை என்று ஜிபிஎல் 2-இன் 3ஆம் பிரிவே சொல்கிறது.

வழக்கறிஞர்: மேலே சொன்ன மாதிரி இரண்டு உரிமங்கள் மோதினாலோ, எழுத்தில் நோட்டீஸ் வந்தாலோ நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கணக்கு, ஆகவே இது விளையாட்டல்ல. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்பு செட்டித் தெருவில் வக்கீல் அலுவலகங்கள் நிறைய. அறிவுசார் சொத்து வழக்குகள் பார்ப்பவரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். போகும்போது ஒரே தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், பதிப்பு, உரிமம், எந்த ஓஎஸ்ஸில் டைனமிக், எந்த ஓஎஸ்ஸில் ஸ்டாட்டிக், நாம் அதில் மாற்றிய ஃபைல்கள் எவை, யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தோம். இந்தத் தாள் இல்லாமல் நான் முதல் தடவை போனபோது, அவர் கேட்ட முதல் ஐந்து கேள்விகளுக்கும் பட்டறைக்குத் திரும்பி வந்துதான் பதில் தேட வேண்டியிருந்தது.